செங்கோட்டை – தென்காசி தினமும் சைக்கிள்ல: ஞாயிறு ரைடுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஒத்தையடி: ஞாயிறு விடியக்காலை குண்டாறு அணை வரைக்கும் ஓட்டிப் பழக்கம் உண்டு. அடுத்த மாசம் முதல் தென்காசிக்கு வேலைக்கே சைக்கிள்தான். காலை 8:30, சாயங்காலம் 6. 700x28 டயர் (28 மி.மீ. அகலம்), சக்கர வளையத்தைக் கட்டை பிடிக்கிற ரிம் பிரேக், மெல்லிசா திருகித் திறக்குற பிரெஸ்டா வால்வு. இதை வச்சே ஓட்டலாமா? எதையெல்லாம் மாத்தணும்?

பார்டர் பெடல்: சைக்கிள் போதும் அண்ணாச்சி, ஓட்டுற விதம்தான் மாறணும். ஞாயித்துக்கிழமை நேரம் நம்ம இஷ்டம். வேலை நாள்ல பள்ளிக்கூட வேனும் மினி பஸ்ஸும் கேரளா லாரியும் நம்மகூடவே வரும்.

தார் விளிம்பை ஒட்டிப் போகாதீங்க, 2-3 அடி உள்ளே நேரா போங்க. மண்ணுல இறங்கின முன்சக்கரத்தைச் சாய்வா ஏத்தப் பார்த்தா, விளிம்பு டயரைப் பிடிச்சு ஆளையே ரோட்டுப் பக்கம் தள்ளிரும். இறங்கிட்டா வேகத்தைக் குறைச்சு, நின்னு, தூக்கி வையுங்க. நிக்குற கார் பக்கத்துல 4 அடி விடுங்க, கதவு எப்ப திறக்கும்னு தெரியாது.

வழியில வர்ற பிரானூர் பார்டர்ல மர லாரிதான் பெரிய கவனம். பின்னால நீட்டிட்டிருக்கிற தடி, லாரி வலது பக்கம் ஒடிக்கும்போது இடது பக்கம் வீசும். லாரி இடது பக்கம் திரும்பினா பின்சக்கரம் ஓரத்தை அறுத்துக்கிட்டு வரும். அதனால எந்தப் பக்கமும் லாரி ஒட்டி நிக்காதீங்க. டிரைவர் கண்ணாடியில டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா, அவருக்கும் நீங்க தெரியல.

நிறுத்தத்துக்கு முன்னாடியே 2 கியர் இறக்கிருங்க. பெரிய கியர்ல நின்னு மறுபடி கிளப்பும்போதுதான் சைக்கிள் ஆடும், பின்னாடி பைக்காரன் ஹாரன் அடிப்பான்.

சாரல் காத்து: ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் மேற்கே இருக்குற ஆரியங்காவுக் கணவாய்க் காத்தைக் கணக்குல எடுங்க. காலையில முதுகுல தள்ளும், சாயங்காலம் நெஞ்சுல அடிக்கும். திரும்பி வர 10-15 நிமிஷம் கூடுதலா வையுங்க. ஆபத்து காலையிலதான்: காத்து தள்ளுது, ரிம் நனைஞ்சிருக்கு, பிரேக் கட்டை முதல் ஒண்ணு ரெண்டு சுத்து தண்ணியை வழிச்சுட்டுத்தான் பிடிக்கும். நிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே லேசா பிடிச்சு ரிம்மைத் துடைச்சுக்கிடுங்க.

ஃபிரேம்ல இடம் இருந்தா 32 மி.மீ. அகல டயர் போடுங்க, நனைஞ்ச ரோட்டுக்கு அதுதான் நல்லது. 70 கிலோ ஆளுக்கு 65-70 பிஎஸ்ஐ காத்தழுத்தம் போதும். பிரெஸ்டாவுக்கு வழியில பங்க்ல காத்து ஏறாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒண்ணை வால்வுலயே திருகி விட்டுருங்க. ஒரு ட்யூபும் டயரைக் கழட்ட ரெண்டு டயர் லீவரும் பையில இருக்கட்டும்.

ஒத்தையடி: ரொம்ப நன்றி. மழைக்கு, தலைவழியா போடுற தொளதொள பாஞ்சோ போதுமா? லைட்?

சாரல் காத்து: பாஞ்சோ வேண்டாம், காத்துல கப்பல் பாய் மாதிரி விரியும், ஹேண்டிலை மூடிரும். உடம்போட ஒட்டுற ரெயின்கோட்டும், ரெண்டு சக்கரத்துக்கும் நீளமான மட்கார்டும் போடுங்க. பின் லைட்டைச் சீட் கம்பியில மாட்டாதீங்க, ரெயின்கோட் வால் அதை மறைச்சிரும். கேரியர் பின் விளிம்புல மாட்டி, மினுக்காம நிலையா எரிய விடுங்க. மினுக்குறதை வச்சு லாரிக்காரரால தூரத்தைக் கணிக்கிறது கஷ்டம்.