ஜெரார் கிரிஸேயின் இசையை நேரில் கேட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நடுவரிசை:

கிரிஸே பிரெஞ்சு இசையமைப்பாளர் என்பதற்கு மேல் விளக்கப் போவதில்லை, தெரிந்தவர்கள்தான் இந்த இழைக்குள் வருவீர்கள். ஆறு வருடமாக ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது, எங்கேயாவது எழுதிவிட வேண்டும்.

பாரிஸில் 'வோர்டெக்ஸ் டெம்போரம்' கேட்கப் போயிருந்தேன். பியானோ, புல்லாங்குழல், கிளாரினெட், வயலின், வயோலா, செல்லோ. ஆறே பேர், நாற்பது நிமிடம். பியானோவில் நான்கு சுரங்களை மட்டும் கால் டோன், அதாவது அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில் பாதி, இறக்கி வைப்பார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது. ராவெலின் 'டாஃப்னிஸ் எ க்ளோயே'விலிருந்து எடுத்த அந்தச் சுழல் ஆரம்பித்தது, புல்லாங்குழலும் கிளாரினெட்டும் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன, பியானோவில் மட்டும் என்னவோ சரியில்லை. சுருதி சேர்க்காமல் கொண்டு வந்து வைத்துவிட்டார்களே என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. முதல் பகுதியின் கடைசியில் மற்ற ஐந்து பேரும் நின்றுவிட, பியானோக்காரர் தனியாக அந்த நீண்ட பகுதியை வாசித்தார் பாருங்கள், கை தெரியவில்லை, அத்தனை வேகம். அதற்குள் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த நான்கு சுரமும் வரும்போதெல்லாம் ஒரு மணிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது. குடையை இருக்கையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். திரும்பிப் போனால் அரங்கில் பாதி விளக்கு அணைந்திருக்கிறது, மேடையில் ஒருவர் பியானோவின் மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார். கம்பிகளுக்கு நடுவில் ரப்பர் ஆப்பைச் செருகுகிறார், சாவியைப் போட்டு ஒரு கம்பியை மெல்ல ஏற்றுகிறார், இடது கை ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, எல்லாப் பியானோவிலும் இருக்கிற அதே சுரமாக வந்து நின்றது. அப்போதுதான் என் காதுக்கு அது தப்பாகக் கேட்டது! சரியான சுரம் தப்பாகக் கேட்டது. குடையைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். நான்காவது சுரத்தையும் அவர் ஏற்றி முடித்தபோது எதையோ பறித்துவிட்டார்கள் போல இருந்தது. இப்போதும் எந்தப் பியானோவைக் கேட்டாலும் அந்த நான்கு இடங்களில் காது போய் நிற்கிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கப்பல்மீன்:

எனக்கு வேறு. 'லு நுவார் து லெத்துவால்', விண்மீனின் கருமை. ஆறு தாளக்காரர்கள் நம்மைச் சுற்றி நிற்பார்கள், நாம் நடுவில். கிரிஸே பெர்க்லியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு வானியலாளர் பல்சர் ஒலியை, சுழன்றபடி சீரான துடிப்பாக ரேடியோ அலை வீசும் இறந்த நட்சத்திரத்தின் ஒலியை, அவருக்குக் கேட்க வைத்தார், அங்கே முளைத்தது இது. 1991ல் பிரஸ்ஸல்ஸில் முதன்முதலில் வாசித்தபோது, பிரான்ஸின் நான்சே ரேடியோ தொலைநோக்கியிலிருந்து ஒரு பல்சரின் சிக்னலை அந்த நேரத்திலேயே அரங்குக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்ட்ராஸ்பூர்க் தாளக் குழு வாசித்தது.

நான் கேட்டது ஒரு பழைய தொழிற்சாலைக் கூடத்தில். என் நாற்காலிக்கு இரண்டு கை தூரத்தில் ஒரு தாளக்காரர். வெகுநேரம் அடித்துத் தீர்த்துவிட்டு ஆறு பேரும் சட்டென்று நிறுத்தினார்கள், ஒலிபெருக்கியில் நட்சத்திரம் மட்டும். டக், டக், டக். முக்கால் வினாடிக்கும் சற்றுக் குறைவான இடைவெளி, அணு அளவும் பிசகவில்லை. நான் நட்சத்திரத்தைக் கேட்கவில்லை, அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு குச்சிகளையும் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். முழங்கையிலிருந்து ஒரு வியர்வைத் துளி தோல் மேல் விழுந்தது, ட்ரம் தோல் மேல், எனக்குக் கேட்டது. அவர் அடிக்கவில்லை, காத்திருக்கிறார். அந்த ஒரு நிமிடம் அவருடைய முகம் எப்படி இருந்ததென்று என் மனைவியிடம் எத்தனையோ முறை சொல்ல முயன்றிருக்கிறேன், வரவில்லை. பெரியவர் ஒருவர் பேசி முடிக்கும்வரை வாசலில் நிற்கும் பையனுடைய முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மந்தரஸா:

கப்பல்மீன், நீங்கள் கேட்டது பதிவாகத்தான் இருக்கும், நேரலை எல்லா இடத்திலும் நடக்கிற காரியமில்லை. அதில் வருகிற இன்னொரு பல்சரான வேலா தென்வானத்தில் இருக்கிறது, நான்சேயிலிருந்து அதைப் பிடிக்கவே முடியாது, அது மட்டும் முதல் நாளிலேயே பதிவுதான்.

என் அனுபவம் 'பார்த்தியேல்'. எங்கள் வீட்டில் பாட்டியின் தம்புரா உண்டு. சின்ன வயதில் அதன் குடத்தில் காதை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். கம்பிக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தினால் மந்தர ஸட்ஜத்துக்குள்ளிருந்து காந்தாரம் தானாக எழும்பும், யாரும் மீட்டாத காந்தாரம். சுயம்பு என்பார் பாட்டி. இருபது வருடம் கழித்து லியோன் போகிற ரயிலில் 'பார்த்தியேல்' போட்டேன். டபுள் பேஸ் அந்தத் தாழ்ந்த 'மி'யை (E சுரம்) உறுமுகிறது, டிராம்போன் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் ஒவ்வொரு கருவியாக மேலே மேலே வந்து உட்காருகின்றன. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பாட்டியின் குடத்துக்குள் பதினெட்டுப் பேர் நுழைந்து, உள்ளே கேட்பதை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறார்கள். டிராம்போன் ஒலியை அலசி, அதிலுள்ள மேல்சுரங்களைக் கருவிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார், 1975ல். நமக்கு இது புதிதில்லை, தம்புராவில் நாம் எப்போதோ கண்டுகொண்டதுதான்.

துருத்தி:

மந்தரஸா, உங்கள் பாட்டியின் தம்புரா பற்றி எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் கடைசி வரியை என்னால் விட முடியவில்லை. தம்புராவில் அந்தக் காந்தாரம் வந்ததும் நாம் அங்கேயே இருக்கிறோம், அது வீடு. பாடுகிறவர் எங்கே போனாலும் திரும்பி வர ஓர் இடம். கிரிஸே அந்த வீட்டில் ஆரம்பித்து வெளியே நடக்கிறார். ஒவ்வொரு முறை அந்த 'மி' திரும்பி வரும்போதும் மேலே உள்ள சுரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறுகின்றன, ஒத்துப்போகாமல் உரசுகின்றன, கடைசியில் இரைச்சலாகவே ஆகிவிடுகிறது. மூச்சை இழு, விடு, ஓய்வெடு, இந்த மூன்றுதான் அதன் நடை. அவர் பெல்ஃபோரில் பிறந்து அக்கார்டியன் வாசித்து வளர்ந்தவர், அதற்காகவே ஜெர்மனியில் ட்ரோசிங்கன் போய்ப் படித்தவர். அந்தத் துருத்தியைக் கைக்குள் வைத்து இழுத்து விட்டவருக்குத்தான் இப்படி ஓர் உருவம் தோன்றும் என்பது என் எண்ணம்.

இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் உண்மையான ஒன்று இருக்கிறது. 1968லிருந்து 72 வரை கிரிஸே பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானின் வகுப்பில் இருந்தார். மெசியான் சாரங்கதேவரின் 'சங்கீத ரத்னாகர'த்தில் உள்ள நூற்றிருபது தேசி தாளங்களில் ஊறியவர். அதைப் பேசுவோம். 'நாம் முன்பே செய்துவிட்டோம்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்பதற்கு எதுவும் இல்லாமல் போய்விடுகிறது. ஒலிக்குள் இருக்கும் மேல்சுரங்களிலிருந்து இசை கட்டுவதால் 'ஸ்பெக்ட்ரல்' என்று ஒட்டிய பெயர்கூட அவருக்குத் திருப்தி தரவில்லை. வாசலில் நிற்கிற இசை, ஒன்று இன்னொன்றாக மாறுகிற விளிம்பு, அதுதான் அவருக்கு முக்கியம்.

என் அனுபவம் சின்னது. 'பார்த்தியேல்' முடிவில் எல்லோரும் வாசிப்பதை விட்டுவிட்டுக் காகிதத்தைப் புரட்டுகிறார்கள், கருவியைத் துடைக்கிறார்கள், விளக்கு மங்குகிறது. தாளக்காரர் எழுந்து இரண்டு சிம்பல்களையும் அகல விரிக்கிறார். என் கை தானாகக் காதைப் பொத்தப் போனது. விளக்கு அணைந்தது. அடி விழவே இல்லை. இருட்டில் காதைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் இருந்தவரும் அப்படியேதான் இருந்தார் என்று விளக்கு வந்ததும் பார்த்தேன்.

மந்தரஸா:

சரி, ஏற்கிறேன். 'புதிதில்லை' என்றது தவறு. கண்ணீர் தவறில்லை.

எட்டாம்நம்பர்:

எல்லோரும் கேட்ட கதை சொல்கிறீர்கள், புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு நான் கொஞ்சம் சொல்கிறேன். தயவுசெய்து போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். 'பார்த்தியேல்' அந்த அடிச் சுரத்தின் மேல்தான் எழும்புகிறது, போன் ஸ்பீக்கரில் அடியே வராது, அஸ்திவாரம் இல்லாமல் மாடியை மட்டும் பார்ப்பது போல ஆகிவிடும். ரயிலில் கேட்டேன் என்று மந்தரஸா சொல்வதைப் படித்து வருத்தப்பட்டேன், ரயிலின் இரைச்சலும் அதே தாழ்ந்த இடத்தில்தான் இருக்கிறது. இரவில், அறையில், நல்ல ஹெட்போன் அல்லது பெரிய ஸ்பீக்கர். 'பார்த்தியேல்' இடம்பெறும் 'எஸ்பாஸ் அக்கூஸ்திக்' தொகுப்பின் ஆறு பகுதிகளையும், ஒன்றரை மணி நேரம், ஒரே மூச்சில் முதல் நாளே வேண்டாம். 'ப்ரொலோக்' மட்டும் எடுங்கள், தனி வயோலா. ஒரு சின்ன மெட்டுத் துணுக்கு, அதற்கு அடியில் இதயத் துடிப்பு மாதிரி குறில் நெடில், குறில் நெடில். வயோலாவின் 'தோ' (C) கம்பியை அரை டோன் இறக்கிக் கட்டியிருப்பார்கள். அந்தத் துணுக்கு எப்படி நீள்கிறது என்பதை மட்டும் பின்தொடருங்கள், வேறெதையும் தேடாதீர்கள். ஒரு வாரம் தினமும் அதையே. அப்புறம் 'பெரியோத்', அப்புறம் 'பார்த்தியேல்'. எழுதிய வரிசை வேறு. 'பெரியோத்' 1974லேயே வந்துவிட்டது, தனி வயோலா 76, கடைசி 'எபிலோக்' 85. ஆனால் கேட்பதற்கு அவர் வைத்த வரிசைதான் சரி, ஒற்றைக் கருவியில் ஆரம்பித்துப் பெரிய ஆர்கெஸ்ட்ரா வரை. அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டு வராதீர்கள், படித்தால் காது தேட ஆரம்பித்துவிடும். 'வோர்டெக்ஸ்' பற்றி மனிதர்கள், திமிங்கிலங்கள், பறவைகள் என்று மூன்று காலங்களைச் சொல்வார், அது கேட்ட பிறகு தெரிந்துகொண்டால் போதும்.

என்னுடையது: எங்கள் தெருத் தேவாலயத்தில் 'ப்ரொலோக்' வாசித்த பெண் நடுவில் ஒரு கணம் வில்லை நிறுத்தினார், இதயத் துடிப்பு எனக்குள் தொடர்ந்தது. அவ்வளவுதான்.

வடலி:

நான் யாழ்ப்பாணத்துக்காரி, இங்கே பாரிசுக்குப் பக்கத்தில் முப்பது வருடமாக இருக்கிறேன். இசை படித்தவள் இல்லை, வேலை செய்யும் இடத்தில் ஒரு சிநேகிதி டிக்கெட் தந்தாள். 'வாசலைக் கடக்க நான்கு பாடல்கள்'. ஒரு சோப்ரானோ, பதினைந்து கருவிகள். இதுதான் அவர் கடைசியாக எழுதினது. 1998 நவம்பரில் 52 வயதில் திடீரென்று போய்விட்டார், அடுத்த வருடம் பெப்ரவரியில் லண்டனில்தான் முதலில் பாடினார்கள், அவர் கேட்கவே இல்லை.

நான்கும் சாவைப் பற்றியது. இரண்டாவது பாட்டு எகிப்தியப் பிரேதப் பெட்டிகளில் எழுதியிருந்த வரிகளின் பட்டியல், பட்டியலையே பாடுவார்கள். எண் 811, 812, கிட்டத்தட்ட முழுதும் மறைந்துவிட்டது. பிறகு ஒரு எண், அழிந்தது. இடையிடையே மிஞ்சின ஒன்றிரண்டு வரி. பாடகி சத்தம் போடவில்லை, கணக்கு வாசிக்கிற மாதிரி மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனா.

என்ர அப்பா இடம்பெயர்ந்து போன பிறகு ஒரு கொப்பியில் வீட்டில் இருந்த சாமான்களை ஞாபகத்தில் இருந்து நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தவர். 1 தையல் மெசின். 2 அம்மாவின் அலுமாரி. 3 புத்தகங்கள், பெயர் ஞாபகம் இல்லை. பிறகு யாரோ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்ல, பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'இல்லை', 'இல்லை' என்று எழுதினவர். அந்தக் கொப்பியை நான் மறந்தே போய்விட்டேன். அந்த மேடையில் அந்தப் பெண் 'அழிந்தது' என்று பிரெஞ்சில் சொன்னபோது அந்தச் சிவப்பு எழுத்துத்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பிறகு கில்காமேஷ் என்கிற பழைய காவியத்தில் வருகிற வெள்ளம் வந்தது, இடி இடியென்று அடித்தார்கள், எனக்கு அதெல்லாம் சரியாக ஞாபகம் இல்லை. கடைசித் தாலாட்டு ஞாபகம் இருக்கிறது. தூங்க வைக்கிற தாலாட்டு இல்லையாம் அது, எழுப்புகிறதாம். சிநேகிதி பிறகுதான் சொன்னாள்.

எட்டாம்நம்பர் தம்பி, நான் ஒரு வாரம் தினமும் எதுவும் கேட்டுப் பழகாமல்தான் போனேன். குறை நினைக்காதேங்கோ.

எட்டாம்நம்பர்:

குறை இல்லை அக்கா. உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

ரப்பர்ஆப்பு:

நான் பியானோ சுருதி சேர்க்கிற தொழிலில் இருக்கிறேன், 'வோர்டெக்ஸு'க்கு மூன்று முறை செய்திருக்கிறேன். நடுவரிசை, நீங்கள் பார்த்தது பாதி வேலைதான். ஒரு சுரம் என்றால் ஒரு கம்பி இல்லை, நடுவிலும் மேலேயும் மூன்று கம்பிகள். கால் டோன் இறக்கினால் இறங்கின இடத்தில் அது நிற்காது, பழைய இடத்துக்கே ஏறப் பார்க்கும். அதனால் ஒத்திகைக்கு முன்பே இறக்கி, திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முறை ஓர் அரங்கில் இதற்குச் சம்மதிக்கவே மாட்டேன் என்றார்கள், கம்பி அறுந்தால் யார் பொறுப்பு என்று. என் காசைப் போட்டு வெளியிலிருந்து ஒரு பியானோ வரவழைத்தோம்.

திரும்ப ஏற்றும்போதும் அதே தொல்லை, மறுபக்கமாக. கச்சேரி முடிந்த கையோடு ஏற்றினால் மறுநாள் காலையில் மயிரிழை கீழே வந்திருக்கும். உங்களுக்குக் காட்டியவர் மறுநாளும் வந்திருப்பார், நீங்கள் பார்க்கவில்லை. நான் இரண்டாவது முறை செய்தபோது மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் என்னால் போக முடிந்தது. அதற்குள் வேறொரு கச்சேரிக்கு வந்த பெண் மோட்சார்ட் பழகிக்கொண்டிருந்தார். கதவருகில் நின்று கேட்டேன். ஓடிவந்த விரல் ஒரு கட்டையில் நின்றது. அதே கட்டையை இன்னொரு முறை தட்டினார், தலையைச் சாய்த்துக்கொண்டு மெல்ல மூன்றாம் முறையும் தட்டினார். நான் பையைத் திறக்காமல் அவர் நாலாம் முறை தட்டும்வரை அங்கேயே நின்றேன்.