விண்வெளிக்கு டிக்கெட்: நம் பிள்ளைகள் காலத்திலாவது எட்டுமா?

திருப்பூர்க்காரன்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் மொட்டை மாடியில் நின்று சர்வதேச விண்வெளி நிலையம் கடந்து போனதைக் காட்டினேன், ஐந்து நிமிஷத்தில் கிழக்கே போய் மறைந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரே கேள்விதான், "அப்பா, பைலட் ஆகாமலே நான் அங்கே போக முடியுமா?" நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என் அப்பா காலத்தில் விமானம் பணக்காரர் சமாச்சாரம், நானோ கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு மூன்று முறை பறந்துவிட்டேன். அதே மாதிரி இவள் காலத்தில் விண்வெளி டிக்கெட்டும் இறங்குமா? மழுப்பாமல் சொல்லுங்கள், அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வராது.

மெக்கானிக்கல்_90

அண்ணா, முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விண்வெளிப் பயணம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கிறார்கள். ப்ளூ ஆரிஜின் கம்பெனியின் நியூ ஷெப்பர்ட் ராக்கெட் 100 கி.மீ. உயரத்தைத் தாண்டிவிட்டு அப்படியே இறங்கும், மொத்தமே 10, 11 நிமிடம், அதில் மிதப்பது மூன்று நான்கு நிமிடம். மேலே எறிந்த கல் திரும்பி விழுகிற கதைதான். உங்கள் மகள் பார்த்த நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் ஓடுவதால்தான் கீழே விழாமல் சுற்றுகிறது. ஒரு கிலோ எடையை வெறும் 100 கி.மீ. தூக்க ஆகும் ஆற்றலைப் போல 30 மடங்குக்கு மேல் செலவழித்தால்தான் அதை அந்த நிலையத்தில் கொண்டு சேர்க்க முடியும்.

விமானக் கணக்கு இங்கே ஏன் ஓடாது என்றால், ஏர்பஸ் ஏ320 சுமார் 78 டன் எடையோடு கிளம்பி 180 பேரைக் கொண்டுபோகும், எரிக்க வேண்டிய ஆக்சிஜனை வழியில் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியின் ஃபால்கன் 9 ராக்கெட் கிட்டத்தட்ட 550 டன், பெரும்பகுதி எரிபொருளும் ஆக்சிஜனும்தான், அது டிராகன் கலத்தில் கொண்டுபோவது நான்கு பேரை. கீழ்ப்பகுதியைத் தரையிறக்கித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள், அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் மேல்பகுதி ஒவ்வொரு முறையும் போனது போனதுதான்.

விலையைப் பாருங்கள். 2001இல் டென்னிஸ் டிட்டோ என்ற அமெரிக்கப் பணக்காரர் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் அந்த நிலையத்துக்குப் போனபோது சுமார் 2 கோடி டாலர் என்றார்கள். 2022இல் ஆக்சியம் என்ற தனியார் கம்பெனி அங்கே நடத்திய முதல் பயணத்துக்கு ஒரு இருக்கை 5.5 கோடி டாலர். இருபது வருஷத்தில் ஏறித்தான் இருக்கிறது.

நிலாமுற்றம்

மேலே சொன்ன கணக்கு சரி, ஆனால் அதைக் கேட்டு அந்தப் பெண்ணை உட்கார வைத்துவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் விர்ஜின் கேலக்டிக் கம்பெனியின் கலத்தில் ஆன்டிகுவாவைச் சேர்ந்த கெய்ஷா ஷஹாஃப் என்ற அம்மாவும் அவர் மகள் அனஸ்டாஷியாவும் போனார்கள், நிதி திரட்ட நடந்த ஒரு குலுக்கலில் கிடைத்த இடம் அது. மகள் அப்போது கல்லூரி மாணவி. 2021இல் இன்ஸ்பிரேஷன்4 என்ற தனியார் பயணத்தில் மூன்று நாள் பூமியைச் சுற்றிய ஹெய்லி ஆர்சனோ, சின்ன வயதில் எலும்புப் புற்றுநோயிலிருந்து மீண்டவர், காலில் செயற்கை எலும்பு இருக்கிறது. முன்பென்றால் மருத்துவத் தேர்விலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பணம் என்கிற கதவு திறக்கவில்லை, சரி. உடம்பு என்கிற கதவு திறந்துவிட்டதே, எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

சோழவந்தான்

அந்தக் கெய்ஷாவோடு போன மூன்றாவது ஆள் ஜான் குட்வின், 80 வயது. 2005இல் டிக்கெட் வாங்கியவர், 18 வருஷம் காத்திருந்தார், இடையில் பார்க்கின்சன் நோயும் வந்துவிட்டது. காத்திருந்த காலத்தில், 2014இல், அதே கம்பெனியின் கலம் சோதனையில் உடைந்து துணை விமானி ஒருவர் இறந்தார். அமெரிக்காவில் பயணி "ஆபத்து தெரிந்தே போகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுத்தான் ஏற வேண்டும், விமானத்துக்கு இருப்பது போல அரசு பாதுகாப்புச் சான்று கிடையாது. டிக்கெட் விலை பற்றி மட்டும் பேசுகிறோம், மகளை அனுப்பும் அப்பா இதையும் கேட்க வேண்டும்.

மெக்கானிக்கல்_90

உண்மை. அந்தக் கம்பெனி டிக்கெட்டே 2021இல் 4,50,000 டாலர், நம் காசுக்கு ஏறக்குறைய 4 கோடி, அதுவும் 80 சொச்சம் கி.மீ. உயரத்துக்கு. என் கருத்தைக் கேட்டால், பத்து நிமிடப் பயணம் ஒரு வீடு வாங்கும் விலைக்கு அவள் காலத்தில் வரலாம். நிலையம் வரை போவது சம்பளக்காரர் கைக்கு வராது. வேலையாகப் போகிற வழிதான் நமக்குப் பக்கம். விமானப்படை வழி மட்டும் இல்லை, அறிவியல், மருத்துவம், பொறியியல் படித்தவர்களும் போயிருக்கிறார்கள்.

திருப்பூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. அப்படியே வாசித்துக் காட்டினேன். கையெழுத்து விஷயத்தில் என் வீட்டுக்காரி முகம் மாறிவிட்டது, மகளோ 30 மடங்கு எப்படி வந்தது என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுவதைப் பொதுமக்கள் பார்க்க இஸ்ரோ மாடம் கட்டியிருக்கிறதே, யாராவது போயிருக்கிறீர்களா? எப்படிப் பதிவு செய்வது?

நிலாமுற்றம்

நான் போயிருக்கிறேன். இஸ்ரோ தளத்தில் ஏவுதலுக்குச் சில நாள் முன்பு பதிவு திறக்கும், கட்டணம் கிடையாது, சீக்கிரம் நிரம்பிவிடும். அடையாள அட்டை மறக்காதீர்கள். தொப்பியும் தண்ணீரும் வேண்டும். வெளிச்சம் முதலில் வரும், சத்தம் கொஞ்சம் கழித்து வந்து நெஞ்சில் அதிரும், அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.