மரச்செக்கு வைக்க மானியம்: ஆவடியா, ஊத்துக்கோட்டைப் பக்கமா?

வேளச்சேரிவாசி:
மனைவி பேரில் கடலை எண்ணெய் மரச்செக்கு போடப் பார்க்கிறோம். திட்ட மதிப்பு 12 லட்சம். அவர் பிளஸ் டூ, ஆதாரில் சென்னை முகவரி. இடம் இரண்டு கைவசம்: ஆவடி மாநகராட்சிக்குள் வாடகை ஷெட், அல்லது ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு ஊராட்சியில் சொந்தக்காரர் இடம். பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) மானியக் கடனுக்கு எது தோது? மெஷின்காரர் அவசரப்படுத்துகிறார், அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

கடன்கோப்பு:
அட்வான்ஸ் வேண்டாம் சார். இந்தத் திட்டத்தில் முதல் கடன் புதுத் தொழிலுக்கு மட்டும்தான். ஏற்கனவே ஓடும் யூனிட் என்று தெரிந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். உதயம் பதிவில் (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) தொழில் தொடங்கிய தேதியைப் போட்டுவிட்டு, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்த பிறகு விண்ணப்பிப்பவர்கள் மாட்டுவது இதில்தான். கடன் அனுமதிக் கடிதம் வரும்வரை கொட்டேஷன் மட்டும் வாங்கி வையுங்கள்.

இடம் பற்றி. பெண்களுக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம் மானியம். உங்கள் 12 லட்சத்துக்கு அது 4,20,000 அல்லது 3,00,000. சொந்தப் பங்கு இரண்டிலும் 5 சதவீதம், அதாவது 60,000. 2022-ல் வந்த மாற்றத்தின்படி ஊராட்சி அமைப்பின் கீழ் வரும் பகுதிதான் கிராமப்புறம். ஆவடி 2019-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. பட்டாவில் கிராமம் என்று இருப்பதைக் காட்டி அங்கே 35 கேட்க முடியாது. ஊத்துக்கோட்டையும் பேரூராட்சிதான், அதனால் உங்கள் சர்வே எண் ஊராட்சி எல்லைக்குள் இருக்கிறதா என்று முதலில் ஊராட்சி செயலரிடம் கேளுங்கள். ஊரகப் பகுதிச் சான்று எப்படியும் வாங்க வேண்டும்.

ஆதார் சென்னையில் இருப்பது பெரிய சிக்கல் இல்லை. விண்ணப்பம் யூனிட் இருக்கும் மாவட்டத்துக்கு, அதாவது திருவள்ளூர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும். வங்கிக் கிளையும் அந்தப் பக்கத்துக் கிளையாக இருக்கட்டும். வேளச்சேரிக் கிளையைக் குறிப்பிட்டால் மேலாளர் அவ்வளவு தூரம் வந்து இடத்தைப் பார்க்கத் தயங்குவார்.

செக்குமேடு:
திட்ட அறிக்கையில் உற்பத்திக் கணக்கு சரியாக இல்லாவிட்டால் வங்கி நம்பாது. ஒரு செக்கில் ஒரு ஆட்டுக்கு, அதாவது ஒருமுறை ஆட்ட, 15 கிலோ பருப்பு, ஏறத்தாழ 45 நிமிடம். எட்டு மணி நேரத்தில் ஒன்பது ஆட்டுக்கு மேல் எழுதாதீர்கள். நாளுக்கு 135 கிலோ பருப்பு, 40 சதவீதம் எண்ணெய் என்றால் 54 கிலோ. பருப்பில் ஈரம் இருந்தால் இதுவும் வராது. பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கி எடுக்காமல் ஆட்டினால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு எண்ணெயில் சேரும். அதனால் உலர்களத்துக்கும் பொறுக்கும் மேஜைக்கும் இடம் ஒதுக்குங்கள். முதல் வருடம் 60 சதவீதத் திறன் என்று போடுவதுதான் நியாயம். புண்ணாக்கு விற்பனையை மறக்காமல் வரவில் சேருங்கள்.

எண்ணெய் கிலோ 250 ரூபாய் என்று குறைத்து வைத்தாலும் வருட விற்பனை 20 லட்சத்தைத் தாண்டுகிறது. உணவுப் பாதுகாப்புத் துறையில் வெறும் பதிவு போதுமா, மாநில உரிமம் எடுக்க வேண்டுமா என்பது இந்த விற்பனையைப் பொறுத்தது, இப்போதைய வரம்பை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயை அளந்து ஊற்றி விற்கவும் கூடாது. பாட்டில், லேபிள் செலவை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

மோட்டார் ஓட்ட ஊராட்சி அனுமதியும் மும்முனை மின் இணைப்பும் தேவை. இணைப்பு தொழிற்சாலை வகையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள், கடை வகையில் போட்டுவிட்டால் மாதாமாதம் நஷ்டம். புதிய குறு உற்பத்தி யூனிட்டுக்கு மாநில அரசு 36 மாதம் மின் கட்டணத்தில் 20 சதவீதம் மானியம் தருகிறது. அதற்கும் அதே தொழில் மையத்தில்தான் மனு.

கடன்கோப்பு:
இன்னொன்று. மானியம் கையில் பணமாக வராது. உங்கள் கடன் கணக்கோடு சேர்த்து மூன்று வருடம் வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி இல்லை, அதற்குச் சமமான கடன் தொகைக்கும் வட்டி போடக் கூடாது. ஸ்டேட்மென்டில் இதை ஒருமுறையாவது சரிபாருங்கள். நடுவில் தொழிலை மூடினால் மானியம் திரும்பிப் போய்விடும்.

நடைமுறை மூலதனத்தை, அதாவது பருப்பு வாங்குவது போன்ற அன்றாடச் செலவுக்கான கடன் வரம்பை, ஊதிப் பெருக்காதீர்கள். அந்த மூன்று வருடத்துக்குள் ஒருமுறையாவது முழு வரம்பையும் எடுத்திருக்க வேண்டும், சராசரியாக 75 சதவீதமாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மானியத்தில் அந்தப் பங்கை வெட்டுவார்கள். மாதம் 2,000 கிலோ பருப்பு வாங்கும் அளவுக்குப் போட்டால் போதும். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது, வாடகை ஷெட் என்றால் மூன்று வருட வாடகை வரை சேர்க்கலாம்.

வேளச்சேரிவாசி:
ரொம்ப நன்றி. சொந்தக்காரர் இடத்துக்கு வாய்வார்த்தை போதுமா? அடமானம் கேட்பார்களா?

கடன்கோப்பு:
வாய்வார்த்தை செல்லாது. கடன் காலம் முழுக்க வருகிற மாதிரி குத்தகைப் பத்திரம் பதிவு செய்யுங்கள். ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு வரை அடமானம் கேட்கக் கூடாது, இப்போதைய வரம்பை வங்கியில் கேளுங்கள். உங்கள் 11,40,000 கடன் அதைத் தாண்டினால் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. (அடமானம் இல்லாத சிறு தொழில் கடனுக்கு வங்கிக்கு உத்தரவாதம் தரும் அறக்கட்டளை) உத்தரவாதத்தில் போடச் சொல்லி விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள்.