‘கரண்ட் திரும்பவும் போகலாம்’: இதை இங்கிலீசில் எப்படி எழுதுவது?

உப்புவெளிக்காரன்:
திருகோணமலைக் கடற்கரையில், உப்புவெளியில் ஆறு அறை உள்ள கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் ரிசப்ஷன் பார்க்கிறேன். போன கிழமை ஐப்பசி மழையில் ஒரே இரவில் இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது. வாசல் பலகையில் ‘கரண்ட் வில் கோ அகெய்ன் டுநைட்’ என்று எழுதி வைத்தேன். ஒரு ஜெர்மன்காரப் பெண் வந்து, "எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறார். எனக்கு என்ன தெரியும், மழையைத்தான் கேட்க வேண்டும். ‘வில்’ என்பதை அழித்துவிட்டு ‘கேன்’ போட்டேன். அதைப் பார்த்து மேல் அறைக்காரர் சிரித்தார். போனாலும் போகும், போகாமலும் விடும். இதற்கு என்ன சொல்? மே, மைட், குட் மூன்றும் ஒன்றா?

ரியூசன் டீச்சர்:
தம்பி, விடை உங்கள் கேள்விக்குள்ளேயே கிடக்கிறது. ‘போகலாம்’, ‘போகக்கூடும்’ என்பதற்கு மே, குட். ‘போனாலும் போகும்’ என்பதற்கு மைட். பேச்சில் மூன்றையும் மாற்றிப் போட்டாலும் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள். கேன் அப்படியில்லை. ‘இட் கேன் ரெய்ன் ஹெவிலி ஹியர் இன் டிசெம்பர்’ என்றால் மாரியில் இங்கே பெருமழை பெய்வதுண்டு என்ற பொதுக்குணம். இன்றிரவு என்ன ஆகும் என்று சொல்ல அது உதவாது.

பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ‘நாட்’. ‘மைட் நாட் ஹப்பின் அகெய்ன்’ என்றால் திரும்ப நடக்காமலும் விடலாம். ‘குட் நாட் ஹப்பின் அகெய்ன்’ என்றால் நடக்கவே வழியில்லை. சொல் ஒன்றுதான் மாறுகிறது, பொருள் எங்கேயோ போய்விடுகிறது.

அப்புறம், கடற்கரையில் நின்றுகொண்டு வெள்ளைக்காரருக்கு ‘கரண்ட்’ என்று எழுதினால் அவர்கள் நீரோட்டத்தை நினைப்பார்கள்! ‘த பவர் மைட் கோ அவுட் அகெய்ன் டுநைட்’ என்று எழுதுங்கள்.

மூதூர் மொழிபெயர்ப்பு:
நான் மறுபக்கமாக மாட்டினேன். 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். வந்தவர் ‘இட் குட் ஹப்பின் அகெய்ன்’ என்றார். நான் அவசரத்தில் "திரும்பவும் வரும்" என்றுவிட்டேன். முன்வரிசை அம்மாமார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார்கள். "வந்தாலும் வரும் என்கிறார், இருங்கோ" என்று கெஞ்சி உட்காரவைத்தேன். அதிலிருந்து குட் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்.

வாய்ப்பு அதிகம் என்றால் ‘இஸ் லைக்லி டு ஹப்பின் அகெய்ன்’. நடக்காமல் விடாது என்றால் ‘இஸ் பவுண்ட் டு’. வாடைக்காற்றுக்கு அதைத் தாராளமாகப் போடலாம். ‘ரிகர்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது, விட்டுவிட்டு வருகிற காய்ச்சல் மாதிரியான விஷயத்துக்கு. அறிக்கைக்குச் சரி, வாசல் பலகைக்கு மிடுக்கு அதிகம்.

உப்புவெளிக்காரன்:
நன்றி டீச்சர், அண்ணை. நேற்று மைட் போட்டு எழுதினேன். அந்த ஜெர்மன்கார அம்மா வாசித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டு மெழுகுதிரி வாங்கிக்கொண்டு போனார். கரண்ட் போகவில்லை. காலையில் திரியை அப்படியே திருப்பித் தந்தார்.