பூங்காவில் டெலஸ்கோப் இரவு: போன தடவை ஏமாந்தேன், மறுபடி போகலாமா?

மொட்டைமாடி:
பக்கத்துப் பூங்காவில் வரும் சனிக்கிழமை ராத்திரி டெலஸ்கோப் வைத்து வானம் காட்டுகிறார்களாம், யார் வேண்டுமானாலும் வரலாம். 2025 நவம்பரில் இதே மாதிரி ஒன்றுக்குப் போய் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். சனி கோள் தெரிந்தது, ஆனால் படத்தில் பார்க்கிற அந்த அகலமான வளையம் எங்கே? மிளகைக் குண்டூசியில் குத்தி வைத்த மாதிரி இருந்தது. அப்புறம் ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் மண்டலம் (கேலக்ஸி) என்றார்கள். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தியதால் "ஆமாம், தெரியுது" என்று பொய் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். இந்த முறை 6 வயது மகளும் வருவேன் என்கிறாள். அன்று வளர்பிறை சப்தமி. டெலஸ்கோப் மட்டமா, என் கண் மட்டமா, இல்லை இது இப்படித்தானா?

எட்டங்குலம்:
இந்த மாதிரி இரவுகளில் டெலஸ்கோப் பக்கத்தில் நின்று காட்டுகிற ஆள் நான். அந்தப் பொய்யை ஒரு ராத்திரியில் பத்துப் பேராவது சொல்வார்கள், குரலிலேயே தெரிந்துவிடும். தெரியவில்லை என்று சொல்லுங்கள், திருப்பி வைத்துக் காட்டுவதற்குத்தானே நிற்கிறோம்.

நீங்கள் பார்த்த குண்டூசி சரியான காட்சிதான். சனியின் வளையம் இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் அகலம், தடிமனோ பல இடங்களில் சில பத்து மீட்டர். 29 வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துச் சூரியனைச் சுற்றும்போது இரண்டு முறை அதன் விளிம்பு நம் பக்கம் திரும்பும், அப்போது வளையம் கோடாகிவிடும். 2025 மார்ச்சில் அப்படித் திரும்பியது, நவம்பரிலும் கோடு மாதிரிதான் இருந்தது. 1610-இல் கோளின் இரு பக்கமும் ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்த கலிலியோ, 1612-இல் அது காணாமல் போனதும் திகைத்துப் போனார். வளையம் என்று டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் விளக்கியது 1659-இல். இனிமேல் வருடா வருடம் விரியும்.

ஆண்ட்ரோமெடா தெரியாததற்குக் கண்தான் காரணம், ஆனால் அது கண்ணின் குறை இல்லை. இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். வரிசையில் நின்றபோது போன் பார்த்தீர்களா? அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. அப்புறம் மங்கலான பொருளை நேராகப் பார்க்கக் கூடாது, கொஞ்சம் ஓரத்தில் பார்வையை வைக்க வேண்டும். மங்கல் வெளிச்சத்தை உணர்கிற செல்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் இல்லை. அவற்றுக்கு நிறமும் தெரியாது, அதனால் படத்தில் உள்ள வண்ணத்தை எதிர்பார்க்காதீர்கள். சாம்பல் நிறத்தில் ஒரு மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த வெளிச்சம் கிளம்பி 25 லட்சம் வருடம் ஆகிறது.

இரட்டைக்குழந்தை:
மகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், சப்தமி நல்ல நாள். பௌர்ணமி அன்று நிலாவில் வெயில் நேராக விழுவதால் நிழலே இருக்காது, வெள்ளைத் தட்டுதான். அரை நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில் பள்ளங்களின் விளிம்பு மட்டும் மின்னும், உள்ளே கறுப்பாக இருக்கும். என் பெரியவள் அதைப் பார்த்துவிட்டு "யாரோ கடிச்சிருக்காங்க" என்றாள். ஒரு சின்ன முக்காலி எடுத்துப் போங்கள். குழந்தைக்கு ஒற்றைக் கண்ணை மூட வராது, உள்ளங்கையால் பொத்திவிடுங்கள். எட்டவில்லை என்று குழாயைப் பிடித்துத் தொங்கினால் முடிந்தது, நிலா காட்சியை விட்டே ஓடிவிடும். எங்களுக்கு நடந்தது.

தெருவிளக்கு:
போனில் நட்சத்திர ஆப் போட்டுக்கொண்டு போங்கள், எது எது என்று தெரியாமல் நின்றால் சலிப்புதான்.

எட்டங்குலம்:
வீட்டிலேயே ஆப்பைப் பார்த்துவிட்டு வாருங்களேன். பூங்காவில் ஒருவர் திரையைத் திறந்தால் பக்கத்தில் உள்ள நாலு பேர் கண்ணும் போச்சு. முடியாது என்றால் சிவப்புத் திரை வையுங்கள், வெளிச்சத்தையும் அடியோடு குறையுங்கள்.

மொட்டைமாடி:
போன் பார்த்தேன்தான், வரிசை முழுக்க. நேற்று மாடியில் விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். கார்த்திகைக் கூட்டத்தை நேராகப் பார்த்தால் ஐந்து, கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஏழு! முக்காலி எடுத்து வைத்தாயிற்று. ஒரு சந்தேகம், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமா?

எட்டங்குலம்:
கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கழற்றலாம், குமிழைத் திருப்பி ஃபோகஸ் செய்துகொண்டால் போதும். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு ஒரே சீராக இல்லாததற்குக் கொடுப்பது) அதிகம் என்றால் போட்டுக்கொண்டே பாருங்கள்.