ஆச்சி வீடு குழுவில் அரைக் கிலோ பஞ்சு

நவம்பர் 18, செவ்வாய்

வள்ளி: எல்லோரும் கவனிக்கவும். திருக்கார்த்திகை டிசம்பர் 3, புதன்கிழமை. கோயிலுக்கு இந்த வருஷம் 208 விளக்கு என்று பூசாரி சொல்லிவிட்டார். திரி நான் உருட்டிவிடுவேன். எண்ணெய் யார், அகல் யார்? இன்றைக்கே சொல்லுங்கள். போன வருஷம் மாதிரி கடைசி நேரத்தில் என்னை ஓடவிடாதீர்கள்.

மீனா: மதினி, அகல் நாங்கள் வாங்கி வருகிறோம்

செல்வம்: (பலமுறை பகிரப்பட்டது) திருவண்ணாமலை மகா தீபம்! 2668 அடி மலை! ஆயிரம் மீட்டருக்கு மேல் காடாத்துணியில் திரி! 5 பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் 🙏🙏

வள்ளி: அண்ணே, எண்ணெய் யார் என்று கேட்டேன்

செல்வம்: பார்ப்போம்மா. திரியை ஏன் உட்கார்ந்து உருட்டுகிறாய்? கடையில் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கிறதே.

வள்ளி: நிலத்தை விற்றவர்கள் வாங்கித்தான் போட வேண்டும். எனக்கு அறுபது சென்ட் பருத்தி இருக்கிறது. நான் உருட்டிக்கொள்கிறேன்.

பிரியா சென்னை: அத்தை, காலையிலேயேவா 🙈

செல்வம்: 2011 கதையை இப்போது எதற்கு எடுக்கிறாய்?

வள்ளி: நான் வருஷமே சொல்லவில்லையே அண்ணே

கார்த்தி லெஸ்டர்: அத்தை, நம் கருங்கண்ணி நாட்டுப் பருத்திப் பஞ்சு எனக்கும் அரைக் கிலோ கிடைக்குமா? பிரியா அக்கா, அருண் அத்தான் 28ஆம் தேதி லண்டன் வருகிறார் என்றாயே, அவரிடம் கொடுத்துவிடலாமா?

மீனா: அங்கே இப்போது விடிகாலை நாலு மணி. தூங்கவில்லையா?

கார்த்தி லெஸ்டர்: நைட் ஷிஃப்ட் அம்மா

வள்ளி: மருமகனே! அங்கே விளக்கு போடப் போகிறாயா?

செல்வம்: தாத்தா ஆசீர்வாதம் 🙏

மீனா: போன வருஷம் அகல் என்றால் என்ன என்று கேட்ட பிள்ளை

பிரியா சென்னை: அரைக் கிலோவா? தலையணை தைக்கப் போகிறாயா?

கார்த்தி லெஸ்டர்: அத்தை, விதை எடுத்து, முடிந்தால் வேகவைத்து அனுப்ப முடியுமா? சோப்பு, வாசனை எதுவும் படக் கூடாது. நார் எல்லாம் ஒரே வாக்கில் இருந்தால் நல்லது. திரி 3 மில்லிமீட்டர் கனம் போதும்.

வள்ளி: வேகவைத்தா? பஞ்சையா?

முருகேசன்: இட்லிச் சட்டியிலா

தினேஷ் கோவை: போச்சு. அப்பா டைப் பண்ணிக்கொண்டிருக்கிறார்

சங்கரபாண்டி: 31 வருஷம் மில்லில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். பருத்தி நாரின் மேல் இயற்கையாகவே மெழுகு உண்டு. எடை போட்டால் நூற்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. ஆனால் அதன் வேலை பெரிய வேலை. செடியிலிருந்து எடுத்த பஞ்சைத் தண்ணீரில் போடுங்கள், வாத்து மாதிரி மிதக்கும். நல்லெண்ணெயில் போடுங்கள், போட்ட நிமிஷம் குடிக்கும். மெழுகும் எண்ணெயும் பங்காளிகள். அதனால் விளக்குத் திரிக்குப் பச்சைப் பஞ்சே போதும். மருந்துக்கடைப் பஞ்சு வேறு. அதைக் காஸ்டிக் சோடாவில் அவித்து, மெழுகை எடுத்து, வெளுத்துத்தான் விற்கிறார்கள். தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும், அதுதான் அதற்குப் பரீட்சை. நம் கருங்கண்ணி குட்டை நார், முரட்டு நார். நயமான நூலுக்கு ஆகாது, மருத்துவப் பஞ்சுக்கு ராஜா.

தினேஷ் கோவை: அப்பா, சுருக்கமாக

சங்கரபாண்டி: சுருக்கமாகத்தான் சொல்கிறேன். இலவம் பஞ்சு இன்னும் ஒரு படி மேல். தண்ணீரைத் தொடவே தொடாது. ஒரு காலத்தில் கப்பலில் உயிர்காக்கும் சட்டைக்குள் அதைத்தான் அடைத்தார்கள். ஆகவே என் கேள்வி இதுதான். எண்ணெய்க்குப் பஞ்சை வேகவைக்கத் தேவையே இல்லை. தண்ணீர் மாதிரி எதையோ குடிக்கத்தான் வேகவைக்க வேண்டும். மருமகன் எதை ஊற்றி விளக்கு எரிக்கப் போகிறான்?

செல்வம்: நமிநந்தி அடிகள் திருவாரூரில் தண்ணீர் ஊற்றித்தான் எரித்தார். அறுபத்து மூவரில் ஒருவர்.

பிரியா சென்னை: அறுபத்து நாலாவது ஆள் லெஸ்டரில்

கார்த்தி லெஸ்டர்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

வள்ளி: "அத்தான், மாமாவிடம் வேப் என்று சொல்லிவிடாதீர்கள்" என்று வந்ததே, ஏன் அழித்தாய்? வேப்பெண்ணெயா? கொசுவுக்கா? அதற்கும் பச்சைப் பஞ்சே போதும்பா.

மீனா: அந்தக் குளிரிலும் கொசுவா

தினேஷ் கோவை: மாப்ளே 🤦

பிரியா சென்னை: நான் இந்தக் குழுவிலேயே இல்லை

சங்கரபாண்டி: வேப் என்றால் என்ன தினேஷ்?

தினேஷ் கோவை: ஆவி பிடிக்கிற மெஷின் மாதிரி ஒன்று அப்பா

மீனா: கார்த்தி, சளியா? ஏன் சொல்லவில்லை? நொச்சி இலை போட்டுப் பிடி. அங்கே நொச்சி கிடைக்காதா? மதினி, பஞ்சோடு கொஞ்சம் நொச்சியும் காயவைத்துக் கொடுத்துவிடுங்கள்.

முருகேசன்: அது சிகரெட். கரண்டில் ஓடுகிற சிகரெட்.

முருகேசன்: கார்த்தி, ஃபோனை எடு

மீனா: என்னங்க சொல்கிறீர்கள்

மீனா: கார்த்தி

வள்ளி: மீனா, பதறாதே. அவன் பேசட்டும்.

செல்வம்: நல்லெண்ணெய் லிட்டர் என்ன விலை போகிறது?

பிரியா சென்னை: அப்பா, இப்போதா

கார்த்தி லெஸ்டர்: அப்பாவிடம் பேசிவிட்டேன். எல்லோருக்கும் ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த பிறகு சிகரெட் பழகினேன். நாளைக்குப் பன்னிரண்டு. பதினாலு மாதமாக ஒன்றுகூட இல்லை. இந்த ஊரில் சிகரெட்டை விடுவதற்கு டாக்டர்களே இதைத்தான் சொல்கிறார்கள். கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை, சிகரெட்டுக்கு இது பரவாயில்லை என்கிறார்கள். நிக்கோட்டின் மில்லிக்கு 20 மில்லிகிராமில் தொடங்கினேன், இப்போது 3. தீர்ந்ததும் தூக்கிப்போடும் வகையை 2025 ஜூன் 1இலிருந்து பிரிட்டனில் விற்கத் தடை. அதனால் நானே கம்பிச் சுருள் சுற்றி, பஞ்சு வைத்துக்கொள்ளும் வகைக்கு மாறினேன். அதற்கென்று விற்கிற பஞ்சு, கை அகலப் பாக்கெட், யானை விலை. நம் வீட்டில் மூட்டையில் கிடக்கிறதே என்றுதான் கேட்டேன்.

மீனா: பன்னிரண்டா

மீனா: நாளைக்கா

செல்வம்: தாத்தா பீடியால்தான் போனார். நம் ரத்தத்திலேயே இருக்கிறது.

முருகேசன்: அண்ணே, நீங்கள் பேசாதீர்கள். வைக்கோல் படப்பு எரிந்தது யாரால்?

செல்வம்: அது கரண்டுக் கம்பியில் விழுந்த பொறி

வள்ளி: அந்தப் பக்கம் கரண்டே அப்புறம் ரெண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது அண்ணே. அடி வாங்கியது தம்பி.

பிரியா சென்னை: அப்பா????

செல்வம்: எண்ணெய் பத்து லிட்டர் என் கணக்கு. விஷயத்தை முடியுங்கள்.

வள்ளி: எழுதி வைத்துக்கொண்டேன்

சங்கரபாண்டி: கார்த்தி, அதில் ஊற்றும் திரவம் என்ன?

மீனா: அண்ணன், நீங்களுமா

கார்த்தி லெஸ்டர்: கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் மாமா. பஞ்சு கம்பிச் சுருளுக்குள் இருக்கும். கம்பி சூடாகும், பஞ்சில் ஊறியிருப்பது ஆவியாகும். பஞ்சு கருகக் கூடாது. காய்ந்த பஞ்சில் ஒரு இழுப்பு இழுத்தால் தொண்டை போய்விடும்.

சங்கரபாண்டி: அதானே. இரண்டும் தண்ணீரோடு கலக்கிற சாதி. மெழுகு இருந்தால் நாருக்குள் ஏறாது. இதைத்தான் காலையில் கேட்டேன். விளக்கிலும் அதே கதைதான். எரிவது எண்ணெய், திரி இல்லை. எண்ணெய் தீர்ந்தால்தான் திரி கருகும். சுருளுக்குள் எவ்வளவு இறுக்கம் வைக்கிறாய்?

கார்த்தி லெஸ்டர்: இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், சுருள் கூடவே வரக் கூடாது. இறுகிவிட்டால் திரவம் ஏறாமல் கருகும். தளர்ந்தால் ஒழுகும்.

வள்ளி: பாவாடைக்கு நாடா கோக்கிற பதம்

கார்த்தி லெஸ்டர்: அதேதான் அத்தை!!

வள்ளி: என் திரிக்கும் அப்படித்தான். ஆத்திரத்தில் முறுக்கிவிட்டால் எண்ணெய் ஏறாது, முனை கருகிக் கருகி அணையும். பாக்கெட் திரியில் பாதி அப்படித்தான் வருகிறது. இன்றைக்கு மழை ஈரத்தில் பஞ்சு உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. திருநீறு தொட்டுத் தொட்டு உருட்டுகிறேன். 60 முடிந்தது.

சங்கரபாண்டி: பருத்தி காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். வியாபாரத்தில் எட்டரை சதவீதம் ஈரம் கணக்கு வைத்துத்தான் எடை

தினேஷ் கோவை: அப்பா, சாப்பிடப் போங்கள்

நவம்பர் 19, புதன்

சங்கரபாண்டி: (படம்)

சங்கரபாண்டி: இடது டம்ளர் பச்சைப் பஞ்சு. நேற்று இரவு 9 மணிக்குப் போட்டது, காலை 6 மணிக்கும் மிதக்கிறது. வலது டம்ளர், ஒரு கரண்டி சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் அவித்து, ஐந்து தண்ணீர் மாற்றி அலசி, ஃபேனடியில் காயவைத்தது. போட்டு நாலு எண்ணுவதற்குள் மூழ்கிவிட்டது! அவித்த தண்ணீர் கட்டன் சாயா நிறத்தில் வந்தது. பின்னால் சட்டியில் தெரிகிறது பாருங்கள்.

வள்ளி: பின்னால் தெரிவது என் பால் சட்டி

பிரியா சென்னை: 😂😂

வள்ளி: புதுச் சட்டி வாங்கி வராமல் வீட்டில் காப்பி கிடையாது

கார்த்தி லெஸ்டர்: மாமா!! இது போதும். இதையே கொஞ்சம் அனுப்புங்கள்.

சங்கரபாண்டி: அங்கேதான் யோசிக்கிறேன். விளக்கில் போகிற பஞ்சில் சருகுத் தூள் இருந்தால் பொரியும், அவ்வளவுதான். இது நெஞ்சுக்குள் போகிற காற்று. கையால் கொட்டை எடுத்த பஞ்சில் இலைத் தூள் இருக்கும், நார் ஒரே வாக்கில் நிற்காது. சீவ என்னிடம் மெஷினா இருக்கிறது? சோடா ஒரு துளி தங்கினாலும் வம்பு. அங்கேயே வெளுக்காத, வாசனை இல்லாத பஞ்சு வாங்கு. ஒரு இழையைக் கொளுத்திப் பார். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பல் உதிரும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி மணி மாதிரி உருண்டுகொள்ளும். உருண்டால் தூக்கிப் போடு. சந்தேகமாக இருந்தால் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, தூசி படாத இடத்தில் ஒரு நாள் முழுக்கக் காயவை.

முருகேசன்: அத்தான், அவனை விடச் சொல்வீர்கள் என்று பார்த்தால் பாடம் எடுக்கிறீர்கள்

சங்கரபாண்டி: சிகரெட்டை விட்டிருக்கிறானே மச்சான்

வள்ளி: மருமகனே, ஒன்று கேட்கிறேன். அந்தத் திரி ஒன்றுக்கு எவ்வளவு பஞ்சு பிடிக்கும்?

கார்த்தி லெஸ்டர்: ஒரு கிராம்கூட வேண்டாம் அத்தை

வள்ளி: அப்படியானால் அரைக் கிலோ உன் பேரன் காலம் வரைக்கும் வருமே. நீ விடுகிற ஆளா, பிடிக்கிற ஆளா?

பிரியா சென்னை: அத்தை 🔥

முருகேசன்: இதைத்தான் நானும் ஃபோனில் கேட்டேன்

கார்த்தி லெஸ்டர்: பொங்கலுக்குள் நிக்கோட்டின் பூஜ்யம் ஆக்கிவிடுவேன். அப்புறம் முழுதாக விடுவேன்.

மீனா: போன பொங்கலுக்கு ஜிம் போகிறேன் என்றாய்

தினேஷ் கோவை: மாப்ளே, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிடாதே. இங்கே 2019லேயே சட்டம் போட்டுத் தடை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் அதில் அடக்கம். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை, இல்லாவிட்டால் ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

மீனா: ஜெயிலா

தினேஷ் கோவை: கொண்டுவந்தால்தான் அத்தை

பிரியா சென்னை: அருண் சொல்லச் சொன்னார்: பஞ்சில் ஒரு கொட்டை இருந்தாலும் எடுத்துப்போக மாட்டாராம். விதை, செடி என்றால் ஏர்போர்ட்டில் கேள்வி வருமாம். கடலை மிட்டாய் என்றால் எத்தனை கிலோவும் சரியாம்.

செல்வம்: கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமை 🙏

பிரியா சென்னை: பஞ்சுக்குக் கிடைக்கவில்லை, அதனால் பெட்டியில் இடமும் கிடையாது. தீர்ப்பு.

வள்ளி: தீர்ப்பு நான் சொல்கிறேன். 208 விளக்கு, இரட்டைத் திரி, 416. இதுவரை 190. முடிந்த பிறகு மூட்டையில் மிச்சம் இருந்தால் ஒரு கைப்பிடி தருகிறேன், திரியாக உருட்டி. எண்ணெய் விட்டு ஏற்று. வேறு எதற்கும் தர மாட்டேன்.

சங்கரபாண்டி: அவித்தது ஒரு பிடி ஏற்கெனவே இருக்கிறது. வீணாகப் போகிறதே

வள்ளி: காதில் வைத்துக்கொள்ளுங்கள்

தினேஷ் கோவை: அம்மா 😂

கார்த்தி லெஸ்டர்: சரி அத்தை. உருட்டியதே போதும்.

கார்த்தி லெஸ்டர்: மாமா, அந்த ஒரு பிடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

முருகேசன்: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்

செல்வம்: எண்ணெய் பத்து லிட்டர் என்றா சொன்னேன்? ஐந்து என்று நினைத்தேன்

வள்ளி: அண்ணே

செல்வம்: பார்ப்போம்மா

மீனா: கார்த்தி, பாக்கெட்டில் பத்துதானே இருக்கும். மீதி இரண்டை யாரிடம் வாங்கினாய்?