அழுகை நிற்காதபோது: சிலரின் அனுபவங்கள்

குழந்தைகள் பிரிவுச் செவிலியர்:
பால் குடிக்கவில்லை, வாந்தி எடுக்கிறது என்று இரண்டு மாதக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. குல்லாவைக் கழற்றித் தடவிப் பார்த்தேன். உச்சிக்குழி மேடிட்டு விறைத்திருந்தது. ஸ்கேனில் மூளை உறைக்கு அடியில் இரத்தக்கசிவு, கண்ணைப் பரிசோதித்தபோது விழித்திரையிலும் அப்படியே. இரத்தம் உறையாத நோய் ஏதும் இல்லை என்று உறுதியான பிறகு மருத்துவர் மெதுவாகக் கேட்டார். "அழுகையை நிறுத்தவே இல்லை, பிடித்து உலுக்கிவிட்டேன்" என்றார் தந்தை. பார்ப்பதற்குக் கொடுமைக்காரர் போலவே இல்லை. பல நாள் தூங்காத முகம்.

கைக்குழந்தைக்குத் தலை மட்டுமே உடல் நீளத்தில் கால் பங்கு. கழுத்துக்கோ பலம் கிடையாது. உலுக்கினால் மூளை மண்டைக்குள் முன்னும் பின்னும் ஆடி, மேற்பரப்பிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் அறுந்துவிடும். சில நொடிகள் போதும். வெளிக்காயமே இல்லாமல் இப்படி நேரலாம் என்று நார்மன் கத்கெல்ச் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1971இலேயே எழுதிவிட்டார். பிழைக்கும் குழந்தைகளில் பலருக்குப் பார்வைக் குறைவோ வலிப்போ வாழ்நாள் முழுதும் தொடர்கிறது.

ஒரு தந்தை:
எங்களுக்குப் பிரசவ வார்டிலேயே சொல்லி அனுப்பினார்கள்: அழுகை இரண்டாம் மாதத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகக் குறையும், என்ன செய்தாலும் அடங்காத வேளைகள் உண்டு என்று. அப்படியே நடந்தது. பசியில்லை, ஈரமில்லை, காய்ச்சலில்லை. மகள் முஷ்டியை இறுக்கிக்கொண்டு வீறிட்டாள். என் பல் நறநறத்தது. தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஐந்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தேன், அழுதுகொண்டுதான் இருந்தாள். அக்காவை போனில் கூப்பிட்டேன்.

ஒரு பாட்டி:
பேரனை மடியில் வைத்து ஆட்டுகிறேனே, அதுவும் ஆபத்தா?

செவிலியர்:
இல்லை அம்மா, தலையைத் தாங்கி மெல்ல ஆட்டுவதால் இந்த மூளைக் காயம் வராது. ஆத்திரத்தில் உலுக்குவதே வேறு வேகம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரிடமும், ஒரு மணி நேரம் வருபவரிடம்கூட, "முடியாவிட்டால் கீழே படுக்க வைத்துவிட்டு என்னைக் கூப்பிடு" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உலுக்கிவிட்டதாகச் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால், வாந்தியை மட்டும் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு.